ஒரே வளாகம், இரண்டு வாசல்

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். மதியச் சாப்பாடு முடிந்து வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் வகுப்பில் ஒரு பையன் புத்தகப் பையின்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். தட்டி எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தவன், "ஆயாம்மா எங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் அழுதுவிட்டான்.

முப்பதடி தள்ளி, அதே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் அங்கன்வாடியில் இரண்டு வருடமாக அந்த நேரத்தில் அவன் தூங்கியிருக்கிறான். சாப்பாடு, பாய், ஆயாம்மாவின் தட்டிக்கொடுப்பு, தூக்கம். ஏப்ரல் கடைசி நாள் வரை அப்படித்தான். ஜூனில் திடீரென்று தூக்கம் கிடையாது, பாய் கிடையாது, ஆயாம்மாவும் கிடையாது. இதை அவன் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. பதினொரு வருடம் முதல் வகுப்பு எடுத்திருந்தும், அந்தக் கட்டடத்துக்குள் மதிய நேரத்தில் ஒருநாள்கூட நான் எட்டிப் பார்த்ததில்லை.

இந்த அத்தியாயம் அந்த முப்பதடியைப் பற்றியது. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை ஒரே தொடர்ச்சி என்று 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற விஷயங்களில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த ஒன்றில் பெரிய சண்டை இல்லை. ஆனால் நடைமுறையில் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. அங்கன்வாடி 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளை; சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. பள்ளி, கல்வித்துறையின் கீழ். பதிவேடு வேறு, மேலதிகாரி வேறு, விடுமுறைக் கணக்கு வேறு. பிள்ளை முப்பதடி நடந்து வந்துவிடுகிறது. அதைப் பற்றித் தெரிந்த விஷயங்கள் வருவதில்லை. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது இந்த இடைவெளி குறையும் என்று நினைத்தோம். சில இடங்களில் குறைந்தது. பல இடங்களில் மூன்றாவதாக ஒரு வாசல் முளைத்தது, அவ்வளவுதான்.

முன்பருவக் கல்வி நல்லது என்பதற்கு எல்லோரும் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி ஊரில் 1962-இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளி. 123 ஏழைக் குழந்தைகளில் 58 பேரைப் பள்ளியில் சேர்த்தார்கள், மற்றவர்களைச் சேர்க்கவில்லை. இரு சாராரையும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். படிப்பு, வேலை, சம்பாத்தியம் எல்லாவற்றிலும் முதல் கூட்டம் முன்னால் நின்றது. இவ்வளவும் பலரும் சொல்வதுதான். அதிகம் சொல்லாத ஒன்று உண்டு: அறிவுத்திறன் சோதனையில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த முன்னிலை, தொடக்கப் பள்ளிக்குப் போன சில வருடங்களிலேயே கரைந்துபோனது. கடைசிவரை நின்றவை வேறு வகைப் பலன்கள். இன்னொன்றும் உண்டு. அந்தப் பள்ளியின் ஆசிரியர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பிள்ளையின் வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்தார். நம் ஊரில் இதைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் வீட்டுக்குப் போன கதை ஏனோ விட்டுப்போகிறது.

ஏப்ரலில் போய்ப் பாருங்கள்

முதல் வகுப்பு ஆசிரியரின் வேலை ஜூனில் தொடங்குவதில்லை. ஏப்ரலில், முழுத்தேர்வுக் கெடுபிடி நடக்கும்போதே, மூன்று நாள் மதியம் அரைமணி நேரம் அங்கன்வாடிக்குப் போய் உட்காருங்கள். நாம் போகவேண்டும், அவரை நம் அறைக்கு வரச்சொல்லக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளரைப் பிள்ளைகள் 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். நம்மில் பலருக்கு அந்தச் சொல் வாயில் வராது. அவர் சம்பளம் நம் சம்பளத்தில் ஒரு துளி. ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எத்தனை கிலோவில் பிறந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். மாதாமாதம் எடை போட்டவர் அவர். தடுப்பூசிக்குக் கூட்டி வந்தவர் அவர்.

ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் போதும். என் தாளில் எழுதிக்கொள்பவை இவை: வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கொண்டுவந்து விடுவது யார், வீட்டில் பேசும் மொழி எது, காது கண் பற்றி ஏதாவது சந்தேகம் உண்டா, தானாகக் கழிப்பறை போய்வருமா, எந்தப் பாட்டுக்கு எழுந்து ஆடும், யாரோடு சேர்ந்தே இருக்கும். மதிப்பெண் மாதிரி எதையும் அந்தத் தாளில் சேர்க்காதீர்கள். 'மந்தம்' என்ற சொல் ஒருமுறை எழுதப்பட்டால் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

வீட்டு மொழி என்ற வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராஷ்டிரமும், செங்கல் சூளைகளை ஒட்டிய பள்ளிகளில் ஒடியாவும் பேசும் பிள்ளைகள் முதல் வரிசையிலேயே இருப்பார்கள். பேசாமல் இருந்ததால் ஒன்றும் தெரியாது என்று நான் இரண்டு மாதம் நினைத்திருந்த ஒரு சிறுமி, தன் தம்பியோடு ஒடியாவில் சளசளவென்று பேசுவதைப் பள்ளி வாசலில் பார்த்தேன். அந்தத் தம்பியை வாரம் ஒருநாள் வகுப்பில் உட்கார வைத்தோம். விதிப்படி அது சரியா என்று கேட்காதீர்கள்.

ஜூன் மாதத்துக்கு மட்டும்

முதல் மாதம் வகுப்பின் ஒரு மூலையில் இரண்டு பாய் விரித்து வையுங்கள். தூக்கம் வந்தவர்கள் தூங்கட்டும். ஜூலை பாதியில் பாயைத் தேடுபவர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள். கழிப்பறையை முதல் நாளே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாத தாழ்ப்பாளுக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசி மணிக்கு நனைத்துவிட்ட பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அப்படி ஒருநாள் நடந்தால் மறுநாள் அந்தப் பிள்ளை வராது. காய்ச்சல் என்று சொல்லி அனுப்புவார்கள்.

காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டதால் முதல் மணி நேரத்துப் பசி அழுகை பெரிதும் போய்விட்டது. இதைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. வகுப்பில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

எழுத்துக்கு முன்னால் பேச்சு

முதல் வகுப்புப் புத்தகத்தின் மொழி எந்த வீட்டிலும் பேசப்படும் மொழி அல்ல. 'சிறுவன் ஓடுகிறான்' என்று புத்தகம் சொல்கிறது. 'பையன் ஓடுறான்' என்று வீடு சொல்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது கிட்டத்தட்ட இன்னொரு மொழி. நாம் செய்யும் தவறு, பிள்ளை வாயைத் திறந்ததுமே திருத்துவது. "ஓடுறான் இல்ல, ஓடுகிறான்னு சொல்லு" என்று மூன்று முறை சொன்னால் நான்காம் முறை அது வாயைத் திறக்காது.

நான் செய்வது இப்படி. காக்கா வடை கதையைச் சொல்வேன். சொல்லி முடித்ததும் நீதி கேட்கமாட்டேன். "வடை போனதுக்கப்புறம் காக்கா எங்க போச்சு?" என்று கேட்பேன். ஒருமுறை ஒரு பெண், "திரும்பப் பாட்டிக்கிட்டயே போச்சு, டீச்சர். இன்னொண்ணு திருட" என்றாள். அதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன், அவள் சொன்ன சொல்லிலேயே. எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டு எல்லோரும் படித்தோம். பேசியது எழுத்தாகும், எழுத்து திரும்பப் பேச்சாகும் என்பது பிள்ளைக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான். புத்தகத் தமிழ் பிறகு தானாக வரும். கதையை நாம் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டக் காட்ட, அந்தத் தமிழும் காதுக்குப் பழகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு கதை சொல்லுங்கள், ஒரு கதை வாசியுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

கை

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுத வைக்கும் மழலையர் பள்ளிகள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. அங்கே போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி அங்கன்வாடிப் பணியாளரிடம் அம்மாக்கள் சண்டைக்கு வருகிறார்கள். விரல் தயாராகாமல் எழுதிய எழுத்து, எழுத்தைப் போலிருக்கும் படம்தான். களிமண் பிசைவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, நூலில் மணி கோப்பது, காம்போடு வேப்பம்பூ பொறுக்குவது, ஈரத்துணியைப் பிழிவது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான். அங்கன்வாடியில் இவையெல்லாம் நடக்கின்றன. முதல் வகுப்புக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. நிறுத்தாதீர்கள். தீபாவளி வரையாவது தொடரட்டும்.

மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறை. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் இல்லத்தில் கொண்டுவந்தார். 1797-இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அது இங்கிலாந்துக்குப் போய் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமானது. நம்மிடமிருந்து போன மணல், இப்போது 'உணர்திறன் விளையாட்டு மேசை' என்று விலைப்பட்டியலோடு நமக்கே திரும்பி வருகிறது. ஒரு தாம்பாளமும் இரண்டு படி ஆற்று மணலும் போதும். மணலின் நல்ல குணம், தப்பு தங்காது, தட்டினால் போய்விடும். ரப்பர் தேய்த்துக் கிழிந்த நோட்டைப் பார்த்து அழும் பிள்ளை மணலில் அழுவதில்லை.

இக், இங், இச்

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். அவ்வளவு வடிவத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் தமிழின் வசதி. ஆனால் நாம் சொல்லித்தரும் முறை அந்த வசதியைக் கெடுத்துவிடுகிறது.

மெய்யெழுத்தை நாம் 'இக், இங், இச்' என்று சொல்லித் தருகிறோம். உச்சரிக்க வசதி, வேறு வழியும் இல்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 'பல்' என்ற சொல்லை 'ப-இல்' என்று படிக்கிறது. 'மண்' அதற்கு 'ம-இண்'. இப்படிப் படிக்கும் பிள்ளை முட்டாள் இல்லை. சொல்லித் தந்ததை ஒழுங்காகச் செய்கிறது. மெய்யைத் தனியாக நிறுத்தாமல் சொல்லின் வாலாகக் காட்டுங்கள். கல், பல், வில், நெல். தலையை மாற்றினால் சொல் மாறுகிறது, வால் அப்படியே இருக்கிறது. வாயால் பத்து நாள் விளையாடுங்கள், பிறகு எழுத்தைக் காட்டுங்கள்.

வரிசையும் முக்கியம். அகர வரிசை அகராதிக்கு நல்லது, ஐந்து வயதுக்கு அல்ல. 'அ' எழுதுவதற்குக் கஷ்டமான எழுத்துகளில் ஒன்று. அதையே முதலில் வைத்திருக்கிறோம். ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம் என்று சொற்கள் கிடைக்கும். அடுத்து ர, க, ல. பிறகு கால் சேருங்கள்: பாடம், மாடம், காகம். கால் வலப்பக்கம் நிற்கிறது, ஒலியும் பின்னால் நீள்கிறது. கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன.

சிக்கல் கொம்பில் வருகிறது. 'கெ' என்பதில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, காதில் முதலில் விழுவது க். இடமிருந்து வலம் படிக்கப் பழகிய பிள்ளைக்கு இது ஒரு ஏமாற்று. 'கொ' இன்னும் மோசம். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. இந்த இடத்தில்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிக்கிக்கொண்டு 'மெதுவாகப் படிப்பவர்' பட்டியலுக்குப் போகிறார்கள். அட்டையில் 'க' ஒன்றை வெட்டிக் கையில் கொடுங்கள். கொம்பைத் தனியாக வெட்டி இன்னொரு பிள்ளையிடம் கொடுங்கள். 'க' பிள்ளை நிற்கட்டும், கொம்புப் பிள்ளை ஓடிவந்து இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளட்டும். எல்லோரும் 'கெ' என்று கத்தட்டும். பிறகு கால் பிள்ளையும் வரட்டும். ஒரு பாட வேளையில் முடிந்துவிடும். பத்து பக்கம் எழுத வைத்தாலும் வராதது இது.

உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கி, தாத்தா காலத்தைவிட நம் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. உகரத்தை அது தொடவில்லை. ஆகவே அதை மனப்பாடமாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது, பாட்டாகக் கற்கட்டும்.

ஒன்பதும் தொண்ணூறும்

எண்ணில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சலுகை உண்டு. இருபது என்ற சொல்லிலேயே இரண்டு பத்து தெரிகிறது. முப்பதும் நாற்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை. ஆனால் ஒன்பது வந்ததும் வெளிச்சம் அணைகிறது. ஒன்பது என்பதற்குள் 'பது' இருக்கிறது, ஆனால் அது பத்து இல்லை. தொண்ணூறுக்குள் 'நூறு' இருக்கிறது, ஆனால் அது நூறு இல்லை. 'தொண்ணூற்று மூன்று எழுது' என்றால் 103 என்று எழுதும் பிள்ளை காதை நம்பியிருக்கிறது. 'நூற்று ஐந்து' என்றால் 1005 என்று எழுதுவதும் அதே நம்பிக்கைதான்.

ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். ஒன்பது கட்டு தொண்ணூறு. இன்னும் ஒரு கட்டு வந்தால்தான் நூறு. புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இருந்தால் அதற்குமேல் கணக்கு உபகரணம் எதுவும் வாங்கவேண்டாம். பல்லாங்குழியில் கையில் அள்ளிய முத்து எந்தக் குழியில் போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லும் பிள்ளை, தாளில் கூட்டல் தெரியாமல் விழித்தாலும் கவலைப்படாதீர்கள். அதற்குக் கணக்கு வருகிறது. தாள்தான் வரவில்லை.

அரும்பு, மொட்டு, மலர்

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரிக்கிறது. எட்டு வயதுக்குள் எல்லோருக்கும் படிக்கவும் கணக்குப் போடவும் வரவேண்டும் என்பது இலக்கு. பயிற்சி நூலும் பொருள்களும் நன்றாகவே இருக்கின்றன. என் மனக்குறை, பிள்ளைகளின் நிலையைப் பதிவேற்ற வேண்டிய கைபேசிச் செயலியோடுதான். பதிவேற்றம் செய்யும் நேரத்தில் இன்னொரு கதை வாசித்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, நிலை என்பது நாற்காலி ஆகிவிடக் கூடாது. அரும்பில் உட்கார்ந்த பிள்ளை ஆண்டு முழுக்க அரும்பிலேயே உட்கார்ந்தால் பெயர் மட்டும்தான் அழகு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையோடும் ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதே இடத்தை மாற்றுங்கள்.

மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதை நாம் தண்டனையாகப் பார்க்கிறோம். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். பெல் பாதிரியார் தம் புத்தகத்தில் பெரிதாகப் பேசியதும் இதைத்தான். மூன்றாம் வகுப்புப் பெண் முதல் வகுப்புப் பையனுக்கு வாரம் இரண்டு முறை கதை வாசித்துக் காட்டட்டும். அவளுக்கும் வாசிப்பு தேறும். அடிக்கும் அதிகாரத்தை மட்டும் பழைய சட்டாம்பிள்ளையோடேயே விட்டுவிடுங்கள்.

ஆகஸ்டில் வரும் அம்மா

ஆகஸ்ட் மாதம் யாராவது ஓர் அம்மா வருவார். "டீச்சர், மூணு மாசமாச்சு, நோட்டுல ஒண்ணுமே காணோமே" என்பார். விளக்கம் சொல்லாதீர்கள். பையனைக் கூப்பிட்டு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பிறகு தாம்பாளத்து மணலில் அம்மாவின் பெயரை எழுதச் சொல்லுங்கள். என்னிடம் சண்டைக்கு வந்த ஓர் அம்மா, தன் பெயரை மகன் மணலில் எழுதியதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

எழுதும் வீட்டுப்பாடம் இரண்டாம் வகுப்பு வரை கொடுப்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன்: வீட்டில் பெரியவர்களிடம் ஒரு விடுகதை கேட்டு வரவேண்டும். மறுநாள் ஒவ்வொருவராகச் சொல்ல, நான் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். அந்த வாரம் முழுக்க அதுதான் வாசிப்புப் பாடம். ஒருமுறை ஒட்டிய மூன்றாம் நாள், வெற்றிலை மென்றுகொண்டே ஒரு பாட்டி வகுப்பு வாசலில் வந்து நின்றார். பேத்தி விடுகதையின் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாளாம், சேர்த்து எழுத வேண்டுமாம். சொன்னார். எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.